மதராஸி மாட்டராஸி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பெரம்பூர் பையன்:
பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது 2014-ஆம் வருடத்து நேரு ஸ்டேடியம் டிக்கெட் ஒன்று கிடைத்தது. மை பாதி அழிந்துவிட்டது. ஆனால் அன்று யாரைப் பார்க்கப் போனேன் என்பது அழியவில்லை. இத்தாலியின் கால்பந்து டிஃபெண்டர் மார்க்கோ மாட்டராஸி.

நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அதுவரை அவர் யார்? பிரான்ஸ் நட்சத்திரம் ஜிதானிடம் நெஞ்சில் தலையால் முட்டு வாங்கியவர், அவ்வளவுதான். 2006 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, நம்ம நேரப்படி இரவு 11.30-க்கு இத்தாலி - பிரான்ஸ் உலகக் கோப்பை ஃபைனல். அப்பா எழுந்துவிடக் கூடாது என்று டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். 7-வது நிமிடத்தில் ஜிதான் அடித்த பெனால்டி, மாட்டராஸி செய்த தவறுக்குக் கிடைத்தது. 19-வது நிமிடத்தில் பிர்லோவின் கார்னரைத் தலையால் அடித்துச் சமன் செய்ததும் அவர்தான். 110-வது நிமிடத்தில் அந்த முட்டு. அப்புறம் பெனால்டி ஷூட் அவுட்டில் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டார். கோப்பை இத்தாலிக்கு. நான் ஜிதான் கட்சி. எட்டு வருடம் மாட்டராஸியைத் திட்டியே காலம் தள்ளினேன். பிறகு பார்த்தால், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில் நம்ம ஊர் கிளப்பான ‘சென்னையின் எஃப்.சி.’க்கு அவர்தான் ஆட்டக்காரர், அவர்தான் மேனேஜர் என்று செய்தி!

வம்புக்கென்றே பழைய பிரான்ஸ் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போனேன். முதுகில் 10, ஜிதான். சென்ட்ரலில் இறங்கி, பெரியமேடு வரை நடந்து, உள்ளே போய் உட்கார்ந்தால் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. பிரான்ஸும் நீலம், நம்ம டீமும் நீலம்! வார்ம் அப்புக்கு அவர் வெளியே வந்தபோது கம்பித் தடுப்பருகே ஓடினேன். ஆறடி நாலங்குலம். கையிலெல்லாம் பச்சை குத்தல். கேட்க வைத்திருந்த கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி ஸ்டாப்பர்:
எங்கள் பக்கத்தில் எந்தப் பையனைக் கேட்டாலும் ஃபார்வர்டுதான் ஆடுவேன் என்பான். பின்னால் நிற்கச் சொன்னால் முகம் தொங்கிவிடும். அதற்காகவே ஏழெட்டுப் பேரை 2014-இல் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனேன். பந்தைப் பார்க்காதே, அவரை மட்டும் பார் என்று சொல்லி வைத்திருந்தேன். வயது 41, வேகம் போய்விட்டது, அது எங்களுக்கே தெரிந்தது. ஆனால் பந்து இடது ஓரம் இருக்கும்போது அவர் கை வலது பக்கத்து ஆளை நோக்கி நீண்டிருக்கும். அடுத்த பாஸ் எங்கே வரும் என்று முன்கூட்டியே ஆளை நகர்த்துவார். வாய் மூடவே மூடாது. காலால் ஓட முடியாததை வாயால் ஓடினார் என்று ஒரு பொடியன் சொன்னான். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

அவர் வந்த வழியையும் பையன்களுக்குச் சொல்வேன். அப்பா ஜியுசெப்பே பெரிய கோச், லாட்சியோவைப் பயிற்றுவித்தவர். அப்படியும் மகன் ஆரம்பித்தது டோர் டி குவிண்டோ, மர்சாலா, டிராபானி என்று கீழ்மட்ட கிளப்புகளில். நடுவில் ஒரு சீசன் இங்கிலாந்தில் எவர்ட்டன். 2000-01-இல் பெருஜியாவுக்காக லீக்கில் 12 கோல். டிஃபெண்டர் அடித்த கோல் கணக்கு இது! தேசிய அணிக்கு முதலில் ஆடும்போது 27 வயது. 2006 உலகக் கோப்பையிலும் அவர் முதல் தேர்வு இல்லை. முதல் தேர்வு டிஃபெண்டரான நெஸ்டாவுக்கு அடிபட்டதால் உள்ளே வந்தார், வந்த ஆட்டத்திலேயே செக் குடியரசுக்கு எதிராகக் கோல். அதே நெஸ்டாவை 2014-இல் சென்னைக்கு ஆட வரவழைத்தாரே, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். யாருக்குப் பதிலாக இறங்கினாரோ, அவரையே தன் டீமுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

தோஹா ரிட்டர்ன்:
நான் அவரைச் சிலையாகத்தான் முதலில் பார்த்தேன். 2013 அக்டோபரில் தோஹா கார்னிஷ் கடற்கரையோரம் ஒரு பெரிய வெண்கலச் சிலையை வைத்தார்கள். ஐந்து மீட்டர் உயரம். ஜிதான் முட்டுகிறார், மாட்டராஸி பின்னால் சாய்கிறார். அடெல் அப்தெஸ்ஸெமெட் என்ற கலைஞர் செய்தது. அதற்கு முந்தின வருடம் பாரிஸில் பாம்பிடூ மையத்துக்கு முன்னால் நின்றதாம். வெள்ளிக்கிழமை லீவில் எங்கள் ரூமில் இருந்த ஆறு பேரும் போய்ப் படம் எடுத்தோம். எல்லோருக்கும் ஜிதான் பக்கம்தான் நிற்க வேண்டும். இடம் கிடைக்காமல் நான் விழுகிறவர் பக்கம் நின்றேன். சில வாரங்களில் எதிர்ப்பு வந்து சிலையை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் லீவுக்கு ஊர் வந்தபோது மச்சினன் மேட்ச்சுக்கு இழுத்துப் போனான். கோட்டுக்கு வெளியே ஒருவர் கைகளை விரித்து லைன்ஸ்மேனிடம் வாதாடிக்கொண்டிருந்தார். இவர் எங்கேயோ பார்த்த முகமாச்சே என்று யோசித்து, கழுத்தை அண்ணாந்து பார்த்த முகம் என்று உறைத்தபோது சிரித்துவிட்டேன். வெண்கலத்தில் விழுந்துகொண்டே இருப்பவர், இங்கே நிமிர்ந்து நின்று சண்டை போடுகிறார்.

கொரட்டூர் ரசிகை:
2014 அரையிறுதி, கேரளா பிளாஸ்டர்ஸுடன் இரண்டு ஆட்டம். கொச்சியில் 3-0 தோல்வி. சென்னையில் நாம் 3-0, கடைசி நேரத்தில் மூன்றாவது கோல் ஜெஜே; மொத்தத்தில் சமம். கூடுதல் நேரத்தில் 117-வது நிமிடம் கேரளாவின் பியர்சன் கோல். லீக்கில் முதலிடம் பிடித்த நம்ம டீம் வெளியே. என் பின்வரிசையில் கேரளாவிலிருந்து வந்த கூட்டம். இதற்கு மேல் எழுத மனசில்லை.

முடிச்சூர்:
நான் நேரில் பார்க்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். 2015-இல் டீம் ஒரு கட்டத்தில் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. மேனேஜரை மாற்று என்று நானே கத்தியிருக்கிறேன். அப்புறம் லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் ஜெயித்து அரையிறுதிக்குள் வந்தார்கள். அந்த நேரம் பார்த்துதான் டிசம்பர் வெள்ளம். எங்கள் வீட்டில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர்; டி.வி., பிரிட்ஜ் எல்லாம் போச்சு. நம்ம ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள்.

டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். மாடி வீட்டுக்காரர் டி.வி.யில் பார்த்தோம், இன்னும் சேற்று வாடை போகாத வீட்டில். 87-வது நிமிடத்தில் கோவா 2-1. ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியே பந்தைத் தன் வலைக்குள் தள்ளிக்கொண்டார். இன்ஜுரி டைமில் நம்ம மெண்டோசா கோல். 3-2! போனவரைக் கூப்பிட மாடிப்படியில் ஓடினேன். திரும்பி வந்தபோது திரையில் நீலக் கும்பல். அதற்குள் மாட்டராஸியின் மொட்டைத் தலை எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

2010-இல் மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் முடிந்து, இன்டர் மிலன் கோச் மொரின்யோ காரிலிருந்து இறங்கி, தன் ஆட்டக்காரரான மாட்டராஸியைக் கட்டிக்கொண்டு அழுத வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கடைசி இடத்திலிருந்து ஒரு டீமை எப்படிக் கட்டி எழுப்பினார் என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் அனுப்புவேன்.

ஆஃப்சைடு அண்ணன்:
எல்லோரும் உருகுகிறீர்கள், நானும் கொஞ்சம் உப்புப் போடுகிறேன். 2016-இல் ஏழாவது இடம். 2017 மார்ச்சில் போய்விட்டார். அடுத்து வந்த ஜான் கிரிகரியும் முதல் சீசனிலேயே கோப்பை எடுத்தார். சென்னைதான் மாட்டராஸியின் முதல் மேனேஜர் வேலை. அது அவருடைய திட்டத்தில் தெரிந்தது. 2015-இல் மெண்டோசா 13 கோல் போடாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இருந்திருக்காது. ஆனால் ஒன்று, மூன்று சீசன் அந்த பெஞ்ச் பக்கம் யாருக்கும் போரடிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

பெரம்பூர் பையன்:
அண்ணே, உப்பு சரியான அளவுதான். மெண்டோசாவைப் பிடித்து வைத்திருந்ததும் மேனேஜர் கணக்கில்தானே வரும்?

தோஹாக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2014 சீசனில் நான் நான்கு ஆட்டம் போனேன், நான்குக்கும் அதே பிரான்ஸ் ஜெர்சிதான். வேறு நீலச் சட்டை வாங்கக் காசில்லை. மூன்றாவது ஆட்டத்துக்குப் போகும் முன் மெடிக்கல் ஷாப்பில் பிளாஸ்திரி வாங்கி முதுகில் ஜிதான் பேரை மறைத்து ஒட்டினேன். டிக்கெட் கிடைத்த அதே தட்டில் அதுவும் இருந்தது. பிளாஸ்திரி உதிர்ந்துவிட்டது, பசை இன்னும் போகவில்லை.