இத்தாலியன் பேசில் என்று வாங்கியது திருநீற்றுப்பச்சிலையா? இலையில் மஞ்சள், பெஸ்டோ கறுப்பு

கேள்வி: மொட்டைமாடி44

வணக்கம். சென்னை, மொட்டைமாடி, காலையிலிருந்து மாலைவரை வெயில் விழும் இடம். இரண்டு கடைகளில் வாங்கிய விதை, இரண்டு பாக்கெட்டிலும் 'இத்தாலியன் பேசில்' என்றுதான் போட்டிருந்தது. அக்டோபர் முதல் வாரம் விதைத்தேன், இப்போது 50 நாள் ஆகிறது.

முதல் பாக்கெட் செடியில் இலை பெரிது, கரண்டி மாதிரி குழிந்து பளபளப்பாக இருக்கிறது. ஆனால் கீழ் இலைகளில் நரம்புக்கு நடுவே மட்டும் மஞ்சள். திருப்பிப் பார்த்தால் சாம்பல் படிந்தது போல இருக்கிறது. இரண்டாவது பாக்கெட்டில் இலை சிறிது, தட்டை. தண்டில் லேசாக ஊதா ஓடுகிறது, கசக்கினால் சோம்பு வாசனை. 45 நாளிலேயே பூத்துவிட்டது. இரண்டு இலையையும் கலந்து மிக்ஸியில் பெஸ்டோ (இத்தாலிய பேசில் துவையல்) அரைத்ததில் பத்தே நிமிடத்தில் கறுத்து, கசப்பும் தட்டியது. எங்கே தவறு?

பதில் 1: கீரைப்பாத்தி

மஞ்சளுக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை அடிங்க, சரியாயிடும். பூவைக் கிள்ளி எறிங்க.

பதில் 2: நாற்றங்கால்

மேலே சொன்ன வேப்பெண்ணெய் பூச்சிக்கு உதவும், இதற்கு உதவாது. நரம்புக்கு நடுவே மஞ்சள், இலையின் அடியில் சாம்பல் பூச்சு இரண்டும் சேர்ந்து வந்தால் அது அடிச்சாம்பல் நோய். பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரி. பலரும் இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கொட்டுவார்கள், மஞ்சள் மட்டும் பரவிக்கொண்டே போகும். சந்தேகம் இருந்தால் ஓர் இலையைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். நோய் இருந்தால் காலையில் அடிப்பக்கம் சாம்பல்-ஊதா நிறத்தில் பஞ்சு போல முளைத்திருக்கும்.

இலை இரவெல்லாம் ஈரமாக இருப்பதுதான் இதற்கு வாசல். வடகிழக்குப் பருவமழை, சாயங்காலம் தலையோடு தண்ணீர் ஊற்றுவது, செடிப் பைகளை ஒட்டி ஒட்டி வைப்பது மூன்றும் சேர்ந்தால் உங்கள் முதல் பாக்கெட்டில் இருக்கும் ஜெனோவா ரகம் (பெஸ்டோவுக்கான இத்தாலியன் பேசில்) தப்பாது. பாதிக்கு மேல் மஞ்சளான செடியைப் பிடுங்கி, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மற்றதில் நோய் இலையைக் கிள்ளிவிட்டு, பைகளை ஓரடி இடைவெளியில் நகர்த்தி, காலையில் அடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். தாய்லாந்து பேசில், எலுமிச்சை வாசனை ரகங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சென்னைக்கு இத்தாலிய ரகம் விதைக்க மழை ஓயும் மார்கழி சரியான நேரம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நன்றாக வெட்டலாம். மே மாதம் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். ஆடியில் விதைத்தால் மழைக்கு முன் ஒரு சுற்று முடிந்துவிடும்.

விதைக்கும் முறை: விதையை ஊறவைக்கவே கூடாது. நீர் பட்டதும் வழவழவென்று ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு தனித்தனியாகத் தூவ வராது. காய்ந்த விதையைக் குழித்தட்டில் குழிக்கு இரண்டாகப் போட்டு, மேலே 3 மி.மீ. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) தூவி, ஸ்பிரேயரில் நனைத்தால் 5 முதல் 8 நாளில் முளைக்கும். ஆழமாகப் புதைத்தால் பாதி வராது. நான்கு உண்மை இலை (முளையில் முதலில் வரும் வித்திலை கணக்கில்லை) வந்ததும் 12 அங்குல க்ரோபேக்கில் இரண்டு நாற்று. கலவை: செம்மண் 2 பங்கு, கோகோபீட் 2, மண்புழு உரம் 1, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. யூரியா வேண்டாம்; இலை பெருக்கும், வாசனை நீர்த்துப்போகும்.

நாலு ஜோடி இலை வந்தவுடன் இரண்டாவது ஜோடிக்குச் சற்று மேலே தண்டையே வெட்டுங்கள். அந்தக் கணுவில் இரண்டு கிளை வெடிக்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதையே தொடர வேண்டும். நம் ஆட்கள் இரக்கப்பட்டு அடியிலிருந்து பெரிய இலையாகப் பறிக்கிறார்கள். அப்படிப் பறித்தால் செடி ஒற்றைக் குச்சியாக மேலேறி உச்சியில் பூத்துவிடும்.

பதில் 3: அடுப்படி

ரெண்டாவது பாக்கெட் பத்தி மட்டும் சொல்றேன். சோம்பு வாசனை, சின்ன தட்டை இலை, சீக்கிரம் பூக்கறது எல்லாம் பார்த்தா அது திருநீற்றுப்பச்சிலைதான். தாவரவியல்ல ரெண்டுமே ஒரே இனம், ஓசிமம் பேசிலிகம். ஆனா இலையில இருக்கற வாசனை எண்ணெய் வேற. நம்ம பச்சிலையில மெத்தில் சாவிகால் தூக்கல், அதுதான் சோம்பு வாசனை. ஜெனோவா ரகத்துல லினலூல், யூஜினால்; கசக்கினா இனிப்பா, லேசா கிராம்பு மாதிரி இருக்கும். அதனால பச்சிலையில பெஸ்டோ அரைச்சா சோம்புத் துவையல்தான் கிடைக்கும்.

ஆனா தூக்கிப் போடாதீங்க. தாய்லாந்துல பச்சைக் கறிக்குப் போடற 'ஹொரபா' இலையும் மெத்தில் சாவிகால் ரகம்தான். தேங்காய்ப்பால் கறி அடுப்பை அணைச்சதும் 15-20 இலை போட்டு மூடிடுங்க, அந்த இடத்துல பச்சிலை அருமையா உட்காரும். கொதிக்கவிட்டா வாசனை ஆவியாப் போயிடும்.

தாய்லாந்துக் கொத்துக்கறி வறுவல் 'பாட் கப்ராவ்' வேற கதை. அதுக்குப் போடற 'கப்ராவ்' நம்ம துளசியோட இனமேதான், ஓசிமம் டெனுயிஃப்ளோரம். கொத்துக்கறி 250 கிராமுக்கு ஒரு கப் இலை, கடைசி 20 விநாடியில போட்டுப் புரட்டணும். நம்ம கருந்துளசி காரம் ஜாஸ்தி, பாதி போதும். மாடத்துத் துளசியைக் கறியில போட மனசு வராதவங்க சமையலுக்குன்னு தனித் தொட்டி வெச்சுக்கலாம், பலரும் அப்படித்தான் செய்யறாங்க. கற்பூர துளசியை மட்டும் சமையலுக்குத் தொடாதீங்க, சாப்பாடு பூஜையறை மாதிரி மணக்கும்.

பெஸ்டோ கறுத்தது இலையில இருக்கற நொதியால. வெட்டின வாழைக்காய் கறுக்கற அதே வேலை. மிக்ஸி சூடும் காத்தும் அதை வேகப்படுத்துது. 50 கிராம் ஜெனோவா இலை, பூவுக்கு முன்னாடி பறிச்சது, ஈரம் துளியும் இல்லாம. நாட்டுப்பூண்டு 3 பல், வறுக்காத முந்திரி 15 கிராம் (பைன் கொட்டை கிடைச்சா அது), துருவின பார்மசான் சீஸ் 40 கிராம், ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, கல்லுப்பு. ஜாரையும் எண்ணெயையும் அரைமணி ஃப்ரீசர்ல வைங்க. பூண்டு, முந்திரி, உப்பை முதல்ல அரைச்சுட்டு, அப்புறம் இலையும் எண்ணெயும் ஒண்ணாப் போட்டு அஞ்சு விநாடி விட்டு விட்டு. சீஸைக் கையால கலக்கணும். மிக்ஸியை ஒரே ஓட்டமா ஓட்டினா ஆலிவ் எண்ணெயும் கசக்கும், உங்க கசப்புல பாதி அதுவாத்தான் இருக்கும். சின்ன உரல் இருந்தா இன்னும் நல்லது, இத்தாலிக்காரங்களே பளிங்கு உரல், மர உலக்கைதான்.

நிறம் முக்கியம்னா இலையைக் கொதிநீர்ல 5 விநாடி முக்கி ஐஸ் தண்ணிக்கு மாத்திப் பிழிஞ்சு அரைங்க. பச்சையா நிக்கும், மணம் கொஞ்சம் குறையும். எனக்கு மணம்தான் பெரிசு. மேலே எண்ணெய் ஊத்தி ஃப்ரிட்ஜுல நாலு நாள். பச்சைப்பூண்டு எண்ணெய்ல கிடக்கறதால வெளியில வைக்கவே வேண்டாம். பறிச்ச இலையை மட்டும் ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க, குளிர் பட்டா கறுத்துடும். தண்டோட டம்ளர் தண்ணில, மல்லித்தழை மாதிரி வெளியிலயே.

பதில் 4: கடற்காற்று

இரண்டாவது செடி பூத்ததும் நல்லதுக்குத்தான். அந்த விதைதான் சப்ஜா. இலங்கையில 'கசகசா' எண்டு கடையில கேட்டால் இதைத்தான் தருவினம், ஃபலூடாவுக்குப் போடுறது. தமிழ்நாட்டில கசகசா எண்டால் குருமாவுக்கு அரைக்கிறது. சமையல் குறிப்பு வாசிக்கேக்க கவனம்.

கதிர் முக்கால்வாசி பழுப்பானதும் வெட்டி, கடதாசிப் பையில போட்டு நிழலில காயவிட்டு, கையால கசக்கிப் புடைச்சு எடுங்கோ. ஒரு தேக்கரண்டிக்கு ஒரு டம்ளர் தண்ணி, 15 நிமிசம். ஊறாத விதையை விழுங்கக் கூடாது, தொண்டைக்குள்ள ஊதி அடைச்சுப்போடும். நிறம் பூசின விதை பாக்கெட்டில மிஞ்சினதைக் குடிக்கவும் வேண்டாம், அது மருந்து பூசினது.

ஒரு விசயம்: ரெண்டு ரகமும் பக்கத்தில பூத்தால் தேனீ கலந்துவிடும். அந்த விதையை முளைக்கப்போட்டால் ரெண்டுங்கெட்டான் செடிதான் வரும். ஜெனோவாவைப் பூக்க விடாதேங்கோ.

மொட்டைமாடி44

மிக்க நன்றி. ஜெனோவா செடியில் நான்கில் மூன்று போய்விடும் போலிருக்கிறது. மிஞ்சும் ஒன்று ஒன்றரை அடி, அடித்தண்டு மரம்போல ஆகிவிட்டது. எவ்வளவு கீழே வெட்டலாம்?

நாற்றங்கால்

பச்சைத் தண்டு இருக்கும் இடம்வரை மட்டும். வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு ஜோடி இலையாவது நிற்க வேண்டும். இலையில்லாத பழுப்புத் தண்டிலிருந்து துளிர்ப்பது அரிது. ஒரே நாளில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டியதில் மஞ்சள் படாத நுனியாகப் பார்த்து 10 செ.மீ. நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, கீழ் இலையை நீக்கிக் கண்ணாடி டம்ளரில் நிறுத்துங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் பத்து நாளுக்குள் வேர் விடும். வேர் இரண்டு செ.மீ. ஆனதும் புதுக் கலவையில் நடுங்கள், பழைய பைக்குப் பக்கத்தில் வைக்காமல்.