எக்செலில் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிறது

கேள்வி: சம்பளப் பட்டியலுக்காக 16 இலக்க வங்கிக் கணக்கு எண்களை அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடுகிறது. சில எண்களுக்கு முன்னால் உள்ள பூஜ்யமும் காணோம். செல் ஃபார்மேட்டை டெக்ஸ்ட் ஆக்கியும் திரும்பவில்லை.

பதில் 1: திரும்பாது. எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டால் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 16-வது அப்போதே போய்விட்டது. காலி நெடுவரிசையை (column) முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, பிறகு பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடிக்கணும். ஓரிரண்டு எண் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி (') போட்டாலே போதும்.

பதில் 2: சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீங்க, பாதி வில்லங்கம் அங்கேதான். டேட்டா டேப்பில் (tab) ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ போய், டிரான்ஸ்ஃபார்மில் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கி, பிறகு லோட் பண்ணுங்க. சேமித்த சிஎஸ்வியைச் சரிபார்க்க நோட்பேடு போதும்.

பதில் 3: டெக்ஸ்ட் ஆக்கிய பிறகும் ஒரு பொறி இருக்கு. இரட்டைப் பதிவு தேட கவுண்ட்இஃப் (COUNTIF, ஒரு எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஃபார்முலா) போட்டால், முதல் 15 இலக்கம் ஒன்றாக இருக்கும் இரு கணக்குகளை ஒரே கணக்கு என்று சொல்லும். தேடும் எண்ணோடு & போட்டு, மேற்கோளுக்குள் * சேருங்க. அப்போது எழுத்தாகவே ஒப்பிடும்.