ஐந்து சிலிண்டர் டர்போ: சிக்னலில் நின்றால் விசில், உதறல். டர்போ போய்விட்டதா?

தெம்பனிஸ்காரர்:
வணக்கம். என்னுடையது 2.5 லிட்டர் ஐந்து சிலிண்டர் டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) பெட்ரோல் கார், சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாகச் சிக்னலில் நின்றால் பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம், ஸ்டியரிங்கில் உதறல். ஏசி போட்டால் உதறல் கூடுகிறது. பிஐஇ விரைவுச்சாலையில் போகும்போது இரண்டும் தெரியவில்லை, இழுவையும் குறையவில்லை. பட்டறையில், "ஐந்து சிலிண்டர் அப்படித்தான் ஆடும், விசில் டர்போவோடது, மாத்தணும்" என்கிறார்கள். சொன்ன விலை தாங்காது. அடுத்த மாதம் வாகனச் சோதனை வேறு இருக்கிறது. இந்த என்ஜினின் அமைப்பே இப்படித்தானா?

கணக்கு வாத்தியார்:
இல்லை தம்பி. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் 720 பாகை. ஐந்தால் வகுத்தால் 144 பாகைக்கு ஒரு வெடிப்பு, நான்கு சிலிண்டரில் அது 180. ஒரு பிஸ்டன் தள்ளி முடிப்பதற்குள் அடுத்தது தள்ளத் தொடங்கிவிடும். அதனால் முறுக்கு விசை நான்கைவிடச் சீராகத்தான் வரும். எரியும் வரிசை 1-2-4-5-3.

ஒரு குறை உண்டு. மேலும் கீழுமான விசைகள் தங்களுக்குள் கழிந்துபோனாலும், என்ஜினின் முன்முனையும் பின்முனையும் மாறி மாறித் தூக்கும் ஆட்டம் மிஞ்சும். ஆனால் அது சுழற்சி வேகத்தின் வர்க்கமாக ஏறுவது. கார் நிற்கும்போதுள்ள 750 ஆர்பிஎம்மில் மிகக் குறைவு, 3000-ல் அதைப்போல் 16 மடங்கு. உங்களுக்கோ நிற்கும்போது ஆடுகிறது, ஓடும்போது அடங்குகிறது. அமைப்பின் குறை என்றால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்த அமைப்பைக் குறை சொல்வது எனக்குப் பொறுக்காது. 1976-ல் ஆடி (Audi) 100 காரில் வந்தது, ஆறு சிலிண்டர் வரிசை அந்தக் காரின் மூக்குக்கு நீளம் என்பதால். 1980-ல் ஆடியின் குவாட்ரோ காரில் அதே குடும்பத்து என்ஜின் டர்போவோடு 200 குதிரைத்திறன் கொடுத்தது.

பழைய பட்டறை ஆள்:
அண்ணன் சொன்னது சரி. டர்போவில் கை வைக்காதீர்கள். டர்போ விசில் ஆக்சிலரேட்டர் மிதித்து பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது வரும், சும்மா நிற்கும்போது வராது.

என் சந்தேகம் கிராங்க்கேஸ் (கிராங்க் சுழலும் கீழ் அறை) காற்றோட்ட வால்வு. உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு) இருக்கும். நிற்கும்போது திராட்டில் (காற்று வரும் கதவு) மூடியிருப்பதால் இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் குழாயில்) வெற்றிடம் அதிகம். அதை முழுசாக கிராங்க்கேஸுக்குள் விடாமல் தடுப்பது அந்த ரப்பர்தான். வருஷக்கணக்கில் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து கிழிந்துவிட்டால், வெற்றிடம் ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாக வெளிக்காற்றை இழுக்கும். அந்தக் காற்றுதான் விசிலடிக்கும். சென்சார் அளக்காத காற்று உள்ளே போவதால் கலவையில் பெட்ரோல் குறைந்து உதறலும் வரும்.

என்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) ஓர் அங்குலம் மேலே இழுங்கள். விசில் பட்டென்று நின்றால் அதேதான். இன்னொன்று, ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையைப் போர்த்திப் பாருங்கள். உள்ளே விருட்டென்று உறிஞ்சினால் கிழிசல், பலூன் மாதிரி உப்பினால் குழாய் அடைப்பு.

தெம்பனிஸ்காரர்:
அண்ணே, டிப்ஸ்டிக்கை இழுத்ததுமே சத்தம் நின்றுவிட்டது! திரும்ப அழுத்தினால் மறுபடி விசில். கையுறை விரல்களோடு உள்ளே போய்விட்டது. ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பர் பார்த்ததில் ஃபியூல் டிரிம் (காரின் கணினி கூட்டியோ குறைத்தோ விடும் பெட்ரோலின் சதவீதம்) நிற்கும்போது +16, ஓடும்போது +2.

பழைய பட்டறை ஆள்:
அப்புறம் என்ன, தெளிவாகிவிட்டது. டயாஃப்ரம் மட்டும் கிடைத்தால் போதும், இல்லையென்றால் வால்வை அதன் உறையோடு முழுசாக வாங்குங்கள். தள்ளிப்போடாதீர்கள், பின்பக்க கிராங்க் சீல் கெட்டால் கியர்பாக்ஸை இறக்க வேண்டி வரும்.

மாற்றிய பிறகும் ஏசியில் உதறல் மிச்சமிருந்தால் என்ஜினைத் தாங்கும் மவுன்ட்டைப் பாருங்கள். பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு கியரை டி-யில் போடுங்கள், ஒருவர் பக்கத்தில் நின்று என்ஜின் எவ்வளவு தூக்குகிறது என்று பார்க்கட்டும். மவுன்ட்டிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

தெம்பனிஸ்காரர்:
சின் மிங்கில் ஒரு கடையில் வால்வு இருக்கிறதாம், சனிக்கிழமை போடுகிறேன். டர்போ வேண்டாம் என்று பட்டறைக்குச் சொல்லிவிட்டேன். இருவருக்கும் ரொம்ப நன்றி.