ரீஜண்ட்ஸ் பார்க் குடிநீர் ஊற்றில் பம்பாய்க்காரர் பெயர் ஏன்?

கேள்வி: பூங்கா_நடை
லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில், பிராட் வாக் பாதையில், கோதிக் பாணியில் பளிங்கில் கட்டிய குடிநீர் ஊற்று ஒன்று உண்டு. 'ரெடிமணி ஊற்று' என்கிறார்கள். நான்கு சந்தேகங்கள்: யார் இந்த ரெடிமணி? அரச பூங்காவில் தண்ணீர் கொடுக்க வெளியூர்க்காரர் பணம் எதற்கு? பளிங்கும் கிரானைட்டும் கலந்த வேலைகளில் பளிங்கு மட்டும் சீக்கிரம் தேய்வது ஏன்? பிரஷர் வாஷர் வைத்துக் கழுவலாமா?

பதில் 1: கல்வெட்டுப்பித்தன்
காவஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி (1812–1878), பம்பாய்ப் பார்சி வணிகர். 'கைமேல் காசு' கொடுப்பவர்கள் என்று குடும்பத்துக்கு வந்த பட்டப்பெயரே குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. 1866ல் பம்பாயில் வருமான வரி ஆணையராகவும் இருந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஊற்றைத் திறந்து வைத்தவர் இளவரசி மேரி, 1869ல். செலவு சுமார் 1,400 பவுண்டு. 10 டன் சிசிலிப் பளிங்கு, 4 டன் சிவப்பு அபர்டீன் கிரானைட். வடிவமைத்தவர் ராபர்ட் கியர்ல், சிற்பி ஹென்றி ராஸ். பிரிட்டிஷ் ஆட்சியில் தனக்கும் பார்சிகளுக்கும் கிடைத்த பாதுகாப்புக்கு இங்கிலாந்து மக்களுக்குச் செலுத்தும் நன்றி என்று கல்வெட்டே சொல்கிறது. நம் ஊர் 'உபயம்' போலத்தான், ஆனால் இதில் அரசியல் கொஞ்சம் தூக்கல். 1857 சிப்பாய்க் கிளர்ச்சி நடந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பதில் 2: குழாயடி
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லண்டனில் அப்போது தண்ணீர் விநியோகம் முழுக்கத் தனியார் கம்பெனிகள் கையில். 1852 சட்டம்தான் வீட்டு உபயோகத் தண்ணீரை வடிகட்டச் சொன்னது, டெடிங்டன் மதகுக்குக் கீழே தேம்ஸிலிருந்து எடுக்கவும் தடை போட்டது. 1854ல் பிராட் தெருக் கைப்பம்பு வழியாகக் காலரா பரவியதை ஜான் ஸ்நோ காட்டினார். வீட்டில் குழாய் இல்லாதவனுக்குத் தெருவில் சுத்தமான தண்ணீர் வேண்டுமே, அதற்குத்தான் 1859ல் சாமுவேல் கர்னி எம்.பி. குடிநீர் ஊற்றுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். நடந்ததெல்லாம் நன்கொடையில். அதே ஆண்டு ஏப்ரல் 21ல் ஹோல்பர்ன் செயின்ட் செபல்கர் தேவாலயச் சுவரில் முதல் ஊற்று. சங்கிலியில் கட்டிய குவளைகளும் 'குவளையைத் திரும்ப வை' என்ற எழுத்தும் அங்கே உண்டு. மதுவிலக்குக்காரர்களும் சேர்ந்துகொண்டதால் பல ஊற்றுகள் மதுக்கடைக்கு எதிரிலேயே முளைத்தன. 1867ல் கால்நடைத் தொட்டியும் சங்கத்தின் பெயரில் ஏறியது. ரீஜண்ட்ஸ் பார்க் ஊற்றைக் கட்டியதும் இதே சங்கம்தான், காசு மட்டும் காவஸ்ஜியுடையது.

பொதுக் குவளையே நோய் பரப்பும் என்று புரிந்ததும் அது போய், மேல்நோக்கிப் பீய்ச்சும் குழாய் வந்தது. பாரிஸ் தெருக்களில் உள்ள 'வாலஸ்' குடிநீர் ஊற்றுகளில் குவளை 1952 வரை தொங்கியது!

பதில் 3: சுண்ணாம்புக்கலவை
முதலில் ஒரு திருத்தம். 'சிசிலியன்' என்பது ஆங்கிலேயக் கல் வியாபாரிகள் இத்தாலியின் கராரா ஊர்ச் சாம்பல் வெள்ளைப் பளிங்குக்கு வைத்த பெயர். சிசிலித் தீவோடு முடிச்சுப் போட வேண்டாம்.

பளிங்கு கால்சியம் கார்பனேட். நிலக்கரிப் புகையின் கந்தகம் அதை ஜிப்சமாக்கும். மழை படும் இடத்தில் அது கரைந்து, மேற்பரப்பு சர்க்கரை போல உதிரும். மழை படாத அடிப்பக்கத்தில் கரி சேர்ந்து கறுப்பு ஓடு கட்டும். கிரானைட்டின் குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் அமிலம் அவ்வளவு சுலபத்தில் தொடாது.

பிரஷர் வாஷர் கூடவே கூடாது, உதிரும் படலம் சிற்பத்தோடு போய்விடும். ஆசிட், கம்பி பிரஷ் இரண்டும் அப்படியே. மெல்லிய நீர்த்தூவலை விட்டு விட்டு அடித்து, ஊறிய கறுப்புப் படலத்தை மென்மையான பிரஷால் எடுக்கணும். அடம்பிடித்தால் அம்மோனியம் கார்பனேட் பற்று. எதுவானாலும் முதலில் மறைவான மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சோதனை. பனிக்காலத்துக்கு முன்பே முடிக்கணும்.

இன்னும் பெரிய எதிரி உள்ளே கற்களை இணைத்துப் பிடித்திருக்கும் இரும்புப் பிடிகள். துருப்பிடித்தால் பல மடங்கு உப்பிக் கல்லைப் பிளக்கும். எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கணும். இணைப்புக்குச் சுண்ணாம்புக் கலவைதான். சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாக வந்து ஓரத்தை உடைக்கும்.

பூங்கா_நடை
நன்றி. குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்துவதும் இதற்காகவா?

சுண்ணாம்புக்கலவை
அது குழாய்க்காக. உறையும்போது தண்ணீர் 9% விரியும். வால்வை மூடினால் மட்டும் போதாது, மூடிய பிறகு குழாயில் நிற்பதையும் வடித்துவிடணும். பலர் மறப்பது அந்த இரண்டாவது வேலையைத்தான். கிண்ணத்தின் வடிகாலில் இலை அடைத்திருந்தாலும் அதே கதி, தேங்கிய தண்ணீர் உறைந்து கிண்ணத்தில் விரிசல் விழும்.