இணையதளங்களை மதிப்பிட மாணவர்களுக்குப் பட்டியல் போதுமா?

மைக்கூடு:
கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இணையதளங்களை மதிப்பிடக் கற்றுத்தரும்போது ஐந்து கேள்விகள் கொண்ட பட்டியலைத்தான் நான் இன்றும் பயன்படுத்துகிறேன். தகவல் எப்போது எழுதப்பட்டது, என் தலைப்புக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், சொல்வதற்குச் சான்று உண்டா, எந்த நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பவையே அவை. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் 2004ஆம் ஆண்டு உருவான இந்த முறையைக் காலாவதியானது என்று ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேடலில் முதலில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்டும் பதினான்கு வயதுப் பிள்ளை, ஒரு கணம் நின்று ஐந்து கேள்விகள் கேட்பதே பெரிய முன்னேற்றம் என்பது என் கருத்து.

சாளரம்:
அந்தக் கேள்விகளுக்கான விடைகளை மாணவர் எங்கே தேடுகிறார் என்பதில்தான் எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. ஐந்தில் நான்குக்கு அவர் அதே பக்கத்திலேயே விடை தேடுகிறார். அதாவது, யாரைச் சந்தேகிக்க வேண்டுமோ அவரிடமே நற்சான்றிதழ் கேட்கிறார். பக்கத்தின் அடியில் தெரியும் தேதி நாள்தோறும் தானாக மாறும்படி ஒரே வரி நிரலில் அமைத்துவிடலாம். தொண்டு அமைப்புகளுக்கே உரியது என்று பலர் நினைக்கும் டாட் ஆர்க் (.org) முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக் குறியோ, இணைப்பு இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது, மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பதை அல்ல. பலரும் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் குரோம் உலாவி 2023இல் அந்தக் குறியையே மாற்றியது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்தித் துறையின் உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் இரண்டு குழந்தை மருத்துவ அமைப்புகளின் தளங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று, 1930இல் தொடங்கப்பட்ட, பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்ட அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். மற்றொன்று, ஒருபாலினத் தம்பதியர் குழந்தைகளைத் தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்ததால் 2002இல் பிரிந்துபோனவர்கள் தொடங்கிய, ஏறத்தாழ அதே பெயர் கொண்ட சிறு குழு. மாணவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிறு குழுவின் தளத்தையே நம்பினார்கள். வரலாற்றறிஞர்களில் பலரால் உறுதியாக முடிவுசெய்ய முடியவில்லை. உண்மை சரிபார்ப்பாளர்கள் மட்டும் பக்கத்தை முழுமையாகப் படிக்காமலே புதிய டேப்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, வெகு விரைவில் சரியான முடிவுக்கு வந்தார்கள்.

மைக்கூடு:
ஆய்வை மறுக்கவில்லை, அதிலிருந்து நீங்கள் எடுக்கும் பாடத்தைத்தான் மறுக்கிறேன். பக்கத்தைப் படிக்காமலே வெளியேறி, ஊர் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுப்பது, வாதத்தை எடைபோடும் பயிற்சி ஆகாது. தட்டம்மைக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரை 1998இல் லான்செட் இதழில் வெளியானது. அந்த இதழ் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல்தான். அதுவரை நற்பெயரை மட்டும் விசாரித்த மாணவருக்கு, உலகின் மூத்த மருத்துவ இதழ்களில் ஒன்று என்ற விடைதானே கிடைத்திருக்கும்? கட்டுரையையே திறந்து படித்தவருக்கோ, இவ்வளவு பெரிய ஐயத்தை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுப்பியிருக்கிறார்கள் என்பது கண்ணில் பட்டிருக்கும். சான்று போதுமா என்ற அந்தக் கேள்வி என் பட்டியலில் இருக்கிறது.

சாளரம்:
நீங்கள் எடுத்த உதாரணம் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. இதழின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நான் சொல்லும் முறை அல்ல. அந்தக் கூற்றைப் பற்றி மற்றவர்கள் என்ன கண்டார்கள் என்று தேடுவதே முறை. டென்மார்க்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, அப்படி ஒரு தொடர்பு இல்லை என்று காட்டிய ஆய்வு 2002இலேயே வந்துவிட்டது. கட்டுரை ஆசிரியர்களில் 10 பேர் 2004இல் அந்தத் தொடர்பைப் பற்றிய அதன் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். இவை எல்லாம் அந்தக் கட்டுரைக்கு வெளியே கிடந்த தகவல்கள். 12 என்ற எண்ணை ஒரு மாணவர் கவனிப்பார் என்றே வைத்துக்கொள்வோம். புள்ளியியல் பயிலாத அவருக்கு எத்தனை போதும், எத்தனை போதாது என்று எப்படித் தெரியும்?

நூலேணி:
இருவரும் தேடுபொறியை நடுநிலையான சாட்சியாகவே கருதிப் பேசுகிறீர்கள். பொய்ச் செய்தியைச் சரிபார்ப்பதற்காக இணையத்தில் தேடியவர்கள், தேடாதவர்களைவிட அந்தப் பொய்யைக் கூடுதலாக நம்பினார்கள் என்று காட்டும் ஆய்வு 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியானது. அதற்குக் காரணமும் விளங்குகிறது. பொய்யைக் கட்டியவர்கள் தமக்கென்றே ஒரு புதுச் சொல்லையும் உருவாக்கியிருப்பார்கள். அந்தச் சொல்லை வேறு எவரும் எழுதியிருக்காததால், அதைத் தேடுபவருக்கு அவர்களுடைய தளங்களே வரிசையாக வந்து நிற்கும். வெளியே போ என்று மாணவரிடம் சொன்னால், அவர் வெளியே போய் அதே கூட்டத்தின் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.

சாளரம்:
நியாயமான எச்சரிக்கை. ஆனால் தலைப்பையோ முகவரியையோ அப்படியே நகலெடுத்துத் தேடியபோதுதான் தரம் குறைந்த முடிவுகள் மிகுதியாக வந்தன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எனவே சொல்லிக்கொடுக்க வேண்டியது தேடும் விதத்தை. செய்தி கொடுத்த சொற்களை விட்டுவிட்டு அந்த அமைப்பின் பெயரோடு நிதி, நிறுவனர் போன்ற சொற்களைச் சேர்த்துத் தேடுவது, முதல் முடிவைச் சொடுக்காமல் முழு முடிவுப் பட்டியலையும் ஒருமுறை கண்ணோட்டமிடுவது, விக்கிப்பீடியாக் கட்டுரையின் கீழே உள்ள மேற்கோள்களைத் தொடர்ந்து போவது ஆகிய மூன்றையும் வகுப்பிலேயே செய்துகாட்ட முடியும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 50 நிமிட வகுப்புகள் ஆறு மட்டுமே நடத்தி மாணவர்களிடம் தெளிவான முன்னேற்றம் கண்ட ஆய்வு 2022இல் வந்திருக்கிறது. நேரம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

மைக்கூடு:
ஆறு வகுப்புகள் கிடைக்கும். தேர்வு அறையில் இணையம் கிடைக்காது. அச்சிட்ட ஒரு பக்கத்தைக் கொடுத்து மதிப்பிடச் சொல்லும் வினாத்தாளே இன்னும் புழக்கத்தில் இருக்கும்போது, நீங்கள் சொல்லும் திறனுக்கு நான் எதை வைத்து மதிப்பெண் போடுவது? அந்தத் தாளை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லாத வரையில் பட்டியலைக் கைவிட மாட்டேன். எழுதியவர் யார் என்ற கேள்விக்கு மட்டும், அந்தப் பக்கத்துக்கு வெளியே எடுத்த விடையைத்தான் ஏற்பேன் என்று அடுத்த ஒப்படைப்பிலிருந்து விதி வைக்கலாம்.

சாளரம்:
நோக்கம் பற்றிய கேள்விக்கும் அதே விதியை வையுங்கள். தளத்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதை எந்த ஏமாற்றுத் தளமும் தன் முகப்பில் எழுதி வைப்பதில்லை.