படிக்காமல் போட்ட கையெழுத்து

வாசல்விளக்கு

அரசுப் பள்ளியில் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைக் கவனித்துக்கொள்ளும் பள்ளி மேலாண்மைக் குழு எப்படிப்பட்டது என்று இந்த இணைய மன்றத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2022இல் குழுவைப் புதிதாக அமைத்தபோது என்னையும் உறுப்பினராக்கினார்கள். சில மாதங்கள் கழித்து நடந்த ஒன்றை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்று மாலை ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், பைக்குள் அடங்காத நீளமான தீர்மான நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். "பதினோராவது இடத்தில் உன் பெயர் இருக்கிறதாம், கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள்" என்று சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். கூட்டம் எப்போது நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டுவிட்டேன். மேலே என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவே இல்லை.

அவள் தண்ணீர் பாட்டில் தினமும் நிரப்பியபடியே திரும்பி வந்துகொண்டிருந்தது. கேட்டால் தாகமில்லை என்பாள். ஒரு நாள் அழுத்திக் கேட்டேன். மாணவியர் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, அதனால் குடிப்பதில்லை என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு நேரில் போய்ப் பழைய பக்கத்தைப் புரட்டினேன். "மாணவியர் கழிப்பறைக் கதவு பழுது நீக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஏகமனதாக ஏற்றனர்." கீழே பதினோராவது இடத்தில் என் கையெழுத்து. அதைச் சுமந்து வந்து விரல் வைத்துக் காட்டியவள் என் மகள். அந்தச் சின்ன விரல் கண்ணை விட்டுப் போக மறுக்கிறது.

கரும்பலகை

நடந்தது தவறுதான் சகோதரி, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் ஆசிரியன், எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. 2022இல் அமைத்த குழுவில் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். கூட்டத்துக்கு அழைப்போம், நான்கு பேர் வருவார்கள். மேலிடத்திலிருந்து தீர்மானம் எங்கே என்று கேட்பார்கள். நோட்டு வீடு வீடாகப் போவது அப்படித்தான் தொடங்குகிறது.

என்னை உறுத்துவது வேறு. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் தொடர்ந்து ஒன்பது நாள் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்ததும் அவனுடைய அப்பா எழுந்தார், ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் பையனை அறைந்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன செய்தான் சார்?" என்றார்.

அவன் எதுவும் செய்யவில்லை. தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் பள்ளியிலிருந்து அந்த வீட்டுக்கு அதுவரை போனதெல்லாம் புகார் மட்டுமே. நான்தான் அனுப்பியிருந்தேன். அவன் நன்றாகப் படம் வரைவான் என்பதை ஒரு முறையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம்.

இரவுப்பணி

நான்கு பேர்தான் வருகிறார்கள் என்கிறீர்களே ஐயா, கூட்டத்தை எத்தனை மணிக்கு வைத்தீர்கள்? எங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு. ஒரு நாள் ஊதியம் போனால் என்ன ஆகும் என்று மாதச் சம்பளக்காரருக்குத் தெரியாது. வராதவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

என் கதை சிறியது. மகன் படிப்பது தனியார் பள்ளி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்துப் போட்டார்கள், முதல் மதிப்பெண்ணிலிருந்து வரிசையாக. தேநீர் இடைவேளையில் பார்த்தேன். மேலே இல்லை, நடுவிலும் இல்லை. படத்தை நகர்த்திக்கொண்டே போனேன். கடைசிப் பெயர் அவனுடையது. அதற்குக் கீழே வேறொரு பெற்றோர் கைதட்டும் படம் போட்டிருந்தார். அவர் தன் பிள்ளைக்காகத்தான் போட்டார், தெரிகிறது. வீட்டுக்குப் போனபோது மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய நண்பர்களின் வீடுகளிலெல்லாம் அந்தப் பட்டியல் போயிருந்தது. இதைத் "தகவல் தெரிவித்துவிட்டோம்" என்கிறார்கள்.

சட்டப்புத்தகம்

என் அனுபவம் ஒரு வரிதான்: என் மகள் மூன்று மாதமாக வாசிக்கத் திணறியதை ஆண்டு முடிவில்தான் எனக்குச் சொன்னார்கள். அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

இரவுப்பணி நண்பரே, கல்வி உரிமைச் சட்டம் 2009, 24ஆம் பிரிவைப் பாருங்கள். பெற்றோரையும் பாதுகாவலரையும் முறையாகச் சந்தித்து, வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமைகளில் ஒன்று என்று அங்கே எழுதியிருக்கிறது. சந்திப்பு என்றுதான் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவது சந்திப்பு ஆகாது. தனியாகப் பேச நேரம் கேட்டுக் கடிதம் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

வாசல்விளக்கு சகோதரிக்கும் ஒன்று. 21ஆம் பிரிவின்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அரசு நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் குழுவின் வேலை. நம் தமிழ்நாட்டில் தலைவர் பதவியே ஒரு பெற்றோரான பெண்ணுக்குத்தான். ஆகவே நோட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பது சலுகை அல்ல. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று எதுவானாலும் வளர்ச்சித் திட்டத்தில் எழுத்தில் ஏற்றச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு காற்றோடு போகும். கூட்டத்துக்கு முன் மற்ற தாய்மார்களிடம் பேசிவைத்துக்கொண்டு மூன்று பேராகப் போங்கள். 2024இல் குழுவை 24 பேராக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள், அவர்களில் ஒருவரைத் துணைக்கு அழைத்தால் இன்னும் நல்லது. தனியாக எழுந்து கேட்பவரைச் சண்டைக்காரி என்று ஒதுக்குவது எளிது.

கரும்பலகை

பதினொரு மணி என்பது உண்மைதான். எங்கள் பள்ளியிலும் அதே நேரம்தான். அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு இதுவரை தோன்றாதது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

பாட்டியின்பேரன்

பாதுகாவலர் என்று சட்டத்திலேயே இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். என்னை வளர்த்தது பாட்டி. ஆறாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். "அப்பா அம்மா வரவில்லையா?" என்று கேட்டுவிட்டு, ரேங்க் கார்டை அவரிடம் தராமல் என் கையில் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அப்படிச் செய்திருக்கலாம். பாட்டி என்னிடமிருந்து அதை வாங்கினார், வரி வரியாகப் படிப்பவர்போலக் கீழ்வரை பார்த்தார், பிறகு ஆசிரியரிடம் நீட்டி, "இதில் இவன் எதில் குறைவு, நீங்கள் சொல்லுங்கள் தாயே" என்றார். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. இன்று நினைத்தால் அந்த வெட்கத்துக்காகத்தான் அழுகை வருகிறது.

வாசல்விளக்கு

தாழ்ப்பாள் என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: போட்டுவிட்டார்கள். குழுத் தலைவியும் நானும் கதவை உள்ளிருந்து பூட்டித் திறந்து பார்த்துவிட்டு வந்தோம். பாட்டில் இப்போது காலியாக வீட்டுக்கு வருகிறது.

பழைய பக்கத்தைத் திருத்தக் கூடாது என்றார் தலைமை ஆசிரியை. அதை நானும் ஏற்றுக்கொண்டேன். அன்றைய கூட்டத்தின் பக்கத்தில், "முந்தைய தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் நான் கலந்துகொள்ளவில்லை" என்று என் கையால் எழுதித் தேதி போட்டேன். தலைவி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை என்னிடமிருந்து வாங்கி, அதன் கீழே "நானும்" என்று எழுதினார்.