சிங்கி எறாலு (லாப்ஸ்டர்) நம்ம கரையில எப்ப இருந்து இப்படி வெல போச்சு?

கடலோரத்தான்:
அண்ணாச்சிமாரே ஒரு விவரம் வேணும். எனக்கு உவரிக்கும் இடிந்தகரைக்கும் நடுவுல ஒரு சின்ன ஊரு. தாத்தா காலத்துல சிங்கி ஏறுனா வலைய நாசம் பண்ணிரும்னு ஏசுவாவளாம், அவிச்சுத் தின்னதோட சரி. இப்ப அதுக்குத்தான் வியாபாரி விடியமுன்ன கரையில நிக்காவ. எப்ப மாறிச்சு? பெரியாளுவ இருக்கும்போதே எல்லாத்தையும் எழுதி வைக்கணும்னு நெனக்கேன்.

பாருக்காரன்:
நல்ல காரியம் தம்பி, உடனே எழுதுங்க. 1950கள்ல வால மட்டும் முறிச்சு உறைய வச்சு அமெரிக்காவுக்கு ஏத்த ஆரம்பிச்ச பெறவுதான் சிங்கிக்கு காசு வந்தது. முன்னால எல்லாம் கட்டுமரம்தான், வலை பருத்தி நூலு, தெனமும் காயப்போடலன்னா மக்கிரும். நைலான் வந்த பெறவு சாயங்காலம் பாரு (கடலுக்கு அடியில கெடக்க பாறைத் திட்டு) ஓரமா வலைய தண்ணியில தாத்து வச்சிட்டு வெள்ளென போயி எடுக்கது சுளுவாச்சு, ஏன்னா சிங்கி பகல்ல கல்லு இடுக்குலயே கெடக்கும், ராத்திரிதான் இரைக்கு வெளிய வரும். அதுக்கப்புறம் உயிரோட குளுர வச்சு தெர்மாக்கோல் பெட்டியில பிளேன்ல சிங்கப்பூர் ஹாங்காங்னு போவ ஆரம்பிச்சுது பாருங்க, அப்பதான் வெல எங்கயோ போயிட்டு. காலு ஒடிஞ்சா வெல கொறையும்னு வலையில இருந்து ஒண்ணொண்ணா பதனமா கழட்டுவாவ.

மணல்மேடு:
வெலைய மட்டும் எழுதாதீங்க தம்பி, சினைச் சிங்கியப் பத்தியும் எழுதுங்க. வயித்துக்கு அடியில ஆரஞ்சு கலர்ல லட்சக்கணக்குல முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கும், அத சுரண்டி எடுத்துட்டு விக்கிற ஆளும் இருக்காவ, எனக்கு அதப் பாத்தா வயிறு எரியுது. பொரிச்ச குஞ்சு மாசக்கணக்கா நடுக்கடல்ல மெதந்து திரிஞ்சுதான் பாருக்கு வந்து சேரும், அதுல தப்பிக்கது கொஞ்சம்தான். உயிரோட இருக்கும்போதே கடல்ல விட்டா பொழச்சுக்கிடும்லா, ஊரு கூடி முடிவெடுத்தா நடக்காதா?

கடலோரத்தான்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். சின்னத பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?

பாருக்காரன்:
ஏத்துமதிக்கு இருக்கு. 2003ல கொண்டு வந்தாவ, நம்ம பாருல கெடக்க சிங்கி 200 கிராமுக்கு கொறஞ்சா வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, மணிச்சிங்கின்னா (அது பெருசா வளருற வேற சாதி) 500 கிராம். ஆனா பிடிக்க எடத்துல யாரு தராசு வைக்கா, சின்னது உள்ளூரு ஓட்டலுக்குப் போயிருது. விசைப்படகு கரைக்குப் பக்கத்துல மடி (இழுவலை) இழுக்கக் கூடாதுன்னு 1983 சட்டமும் இருக்கு, அதுக்காக நடந்த சண்டையையும் பெரியாளுவகிட்ட கேளுங்க, நெறய சொல்லுவாவ.